முதுகுக்குக் கீழே ஒரு கை

அனுசுயாவுக்கு நிற்பதுதான் வேலை. பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளுக்கு நாற்காலி போடும் வழக்கம் கிடையாது. காலையில் டிபன் பாக்ஸை ஜன்னலில் வைத்துவிட்டு நிற்க ஆரம்பித்தால், துணியில் ஓட்டை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா, எண்ணெய்க்கறை பட்டிருக்கிறதா என்று ஒவ்வொரு பீஸாக விரித்து, புரட்டி, மடித்துத் தள்ளி, பொழுது சாய்கிற வரைக்கும் நின்றுகொண்டே இருக்க வேண்டும். உட்கார்ந்து தைக்கிறவர்களுக்கு இடுப்பு போகும், நின்று பார்க்கிறவர்களுக்குக் கால் போகும். கம்பெனி யாரையும் வெறுங்கையோடு அனுப்புவதில்லை.

அந்த ஐப்பசியில் ஒரு வெளிநாட்டு ஆர்டர் வந்தது. குளித்துக் கரையேறியதும் மேலே மாட்டிக்கொள்கிற, தொப்பி வைத்த துண்டுச் சட்டை. ஒவ்வொரு பீஸிலும் ஓர் அட்டை தொங்கியது. அட்டையில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, அறுபது வயதுக்குக் குறையாது, ஏதோ ஓர் ஏரியில் மல்லாந்து கிடந்தாள். பிடிமானம் ஒன்றும் இல்லை. கண்ணை மூடியிருந்தாள். சிரிக்கக்கூட இல்லை; சிரித்திருந்தால் விளம்பரம்தானே என்று அனுசுயா விட்டிருப்பாள். அந்த அம்மாளோ வீட்டு வேலையெல்லாம் முடித்தவள் மாதிரி நிம்மதியாகக் கிடந்தாள்.

நாள் முழுக்க அதே அட்டையைப் பார்த்தால் மனுஷிக்கு என்ன ஆகும்? ஆசை பிடித்துக்கொண்டது. நகை, புடவை, வீடு என்று ஆசைப்பட ஊரில் எத்தனையோ இருக்க, இவளுக்குப் போயும் போயும் தண்ணீர்மேல் படுக்க ஆசை. அதுவும் கணுக்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கி அறியாதவளுக்கு. அனுப்பர்பாளையத்தில் பாத்திரப் பட்டறைச் சத்தத்துக்கு நடுவே ஒரு லைன் வீட்டில் பிறந்து, அடுத்த தெரு லைன் வீட்டுக்கே வாழ்க்கைப்பட்டுப் போனவள். அவளுக்குத் தண்ணீர் என்றால் குடம், டிரம், லாரி. நொய்யல் என்றால் மூக்கைப் பொத்திக்கொண்டு பஸ்ஸில் தாண்டுகிற பாலம். கணவன் குணா காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகு, மகன் அருள்செல்வன் ஓசூருக்கு வேலைக்குப் போன பிறகு, வீட்டில் அவளும் டிவியும்தான் மிச்சம்.

ஆசையை முதலில் ஒச்சாயியிடம்தான் சொன்னாள். ஒச்சாயி உசிலம்பட்டிப் பக்கத்துக்காரி, அதே கம்பெனியில் டெய்லர், அனுசுயாவைவிடச் சற்று இளையவள். புருஷன் இன்னொருத்தியோடு போனபோது கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு திருப்பூர் பஸ் ஏறியவள். அந்தக் குழந்தை தமிழ்மதியை வளர்த்து ஆளாக்கி ஊர்ப்பக்கமே கட்டிக்கொடுத்தும் ஆயிற்று. இப்போது அவளும் தனிக்கட்டைதான்.

"இம்புட்டுத்தானாக்கா?" என்றாள் ஒச்சாயி, சோற்றைப் பிசைந்துகொண்டே. "எங்கூர்க் கெணத்துல நான் மல்லாக்கப் படுத்துத் தூங்கியே இருக்கேன். ஆடு விழுந்தா என்னயத்தான் கூப்புடுவாக. வா, ஒன்னய மெதக்க விட்டுருவோம்."

"எனக்குப் பயமா இருக்குதுங்க."

"ஏங்கிட்டயுமா 'ங்க'? இந்த ஊர்ல நாயக்கூட வாங்க போங்கன்னுதானக்கா வெரட்டுவீக!"

தண்ணீர் தேடுகிற படலம் தொடங்கியது. டவுனில் நீச்சல் குளம் இருந்தது, பெண்களுக்குத் தனி நேரமும் இருந்தது. போய் எட்டிப் பார்த்தார்கள். மேலே தகரக்கூரை, தண்ணீரில் மருந்து வாசம். வானம் தெரியாத தண்ணீர் தனக்கு வேண்டாம் என்று அனுசுயா திரும்பிவிட்டாள். அடுத்த ஞாயிறு ஒரு வாய்க்காலுக்குப் போனார்கள். அங்கே தண்ணீரைவிட இளவட்டங்கள் அதிகம், இளவட்டங்களைவிட செல்போன்கள் அதிகம். அமராவதி டேமுக்குப் பஸ் ஏறிப் போனார்கள். முதலை இருக்கிறது என்று பலகையே வைத்திருந்தார்கள். வறுத்த மீனைத் தின்றுவிட்டு, கரையில் உட்கார்ந்து ஏக்கத்தோடு பார்த்துவிட்டு வந்தார்கள். அவ்வளவு தண்ணீர் கண்ணெதிரே கிடக்க, கால் நனைக்க வழியில்லாமல் திரும்புவது அனுசுயாவுக்கு அழுகையாக வந்தது. பஸ்ஸில் ஒச்சாயியின் தோளில் சாய்ந்துகொண்டு தூங்குவது போல் கண்ணை மூடிக்கொண்டாள்.

கடைசியில் வழி காட்டியது மருதாள். முன்பு பக்கத்து டேபிளில் நின்றவள், முழங்கால் போய் வேலையை விட்டுவிட்டு, ஊத்துக்குளிப் பக்கம் தோட்டத்தில் எருமைகளோடு இருக்கிறாள். போனில் விஷயத்தைக் கேட்டதும் அவள் சிரிக்கவில்லை.

"எங்க கெணத்துக்கு வாங்க அம்மணி. இந்த மழைக்கு மேல் படி வரைக்கும் ரொம்பிக் கெடக்குது. ஞாயித்துக்கெழமை காத்தால எங்கூட்டுக்காரர் சொசைட்டிக்குப் பாலை ஊத்திப்போட்டு அப்படியே சந்தைக்குப் போயிருவாரு. நான் மேல உக்காந்துக்கறேன். அக்கம்பக்கத்துல சொல்லி வெச்சுருவேன். இல்லாட்டி பொம்பளைங்க கெணத்துல எறங்கறாங்கன்னா ஊரே அலறீட்டு ஓடியாந்துரும், பாத்துக்குங்க."

கிணறு என்றால் சின்னக் கிணறு இல்லை. பாறையை நாலு மூலையாக வெட்டி இறக்கியது, ஓர் ஓரமாகப் படிகள். மேல் படிகள் வெளியே தெரிந்தன, மற்றவை தண்ணீருக்குள் இறங்கிப் பச்சையில் மறைந்தன. மேலே சதுரமாக வானம். இருவரும் ரிஜெக்ட் ஆன டி-சர்ட்டும் லெக்கிங்ஸும் போட்டிருந்தார்கள். அனுசுயாவின் மார்பில் ஏதோ வெளிநாட்டு ஊர்ப் பெயர் பாதி அச்சாகி, மீதி அக்குளுக்குப் போயிருந்தது. நைட்டியோடு இறங்கலாமா என்று கேட்டதற்கு, "எறங்குனா குடையாட்டம் விரிஞ்சுக்கிரும், மருதாளக்கா மேல இருந்து எல்லாத்தையும் பாக்கும்" என்று ஒச்சாயி தடுத்திருந்தாள்.

முதல் நாளே விபரீதம். முதுகில் கட்டிக்கொள்ள ஒச்சாயி கம்பெனியிலிருந்து காலி ஆயில் கேன் ஒன்று கொண்டுவந்திருந்தாள். ஊர்ப் பிள்ளைகள் அப்படித்தான் நீச்சல் பழகுகின்றன, அதில் தப்பில்லை. கட்டியதுதான் தப்பு. திருப்பூரில் எதைக் கட்டுவதென்றாலும் பனியன் துணிதான். மூட்டை கட்டவும் அதுதான், தக்காளிச் செடிக்கும் அதுதான், வண்டி கேரியருக்கும் அதுதான். பழக்கதோஷத்தில் கழுத்துப்பட்டிக்கு வெட்டிய ரிப் துணியை நீளமாகக் கிழித்து, கேனை அனுசுயாவின் முதுகோடு சேர்த்து இறுக்கி முடிச்சுப் போட்டாள். மருதாளும் மேலிருந்து பார்த்தாள், ஒன்றும் தோன்றவில்லை. மூன்று பேரும் ஆயுசில் பாதியைப் பனியனில் கழித்தவர்கள்.

நனைந்த ரிப் துணி இழுத்த இழுப்புக்கு நீண்டது. அனுசுயா படியை விட்டு இரண்டு கை தள்ளியதும் கேன் முதுகிலிருந்து நழுவி இடுப்புக்கு வந்தது. இடுப்பு மேலே, தலை கீழே. வாயில், மூக்கில், காதில் தண்ணீர். கால் இரண்டும் வானத்தைப் பார்த்து உதைத்தன. ஒச்சாயி பாய்ந்து முடியைப் பிடித்து இழுத்துப் படியில் போட்டாள். மேலே மருதாள் தன் முழங்காலை மறந்து எழுந்து நின்றிருந்தாள்.

"இந்தத் துணி நீளும்னு தெரியாதா ஒனக்கு? அதத்தானடி பாவி காலம் முச்சூடும் தைக்கிற!" இருமலுக்கு நடுவே அனுசுயாவிடமிருந்து 'ங்க' முதல்முறையாகக் கழன்று விழுந்தது.

ஒச்சாயிக்குச் சிரிக்கவும் முடியவில்லை. கேனை எடுத்துக் கரைமேல் விட்டெறிந்தாள்.

"கேனும் வேணாம் ஒரு மண்ணும் வேணாம். நானே தாங்குறேன். எங்கய்யன் கருப்பு மேல சத்தியமாச் சொல்றேன்க்கா, ஒன்னய மெதக்க விடாம நான் ஊருக்கு பஸ் ஏற மாட்டேன்."

ஊருக்குப் போகிற பேச்சு சும்மா வந்ததல்ல. தமிழ்மதி முழுகாமல் இருந்தாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். தாய்வீடோ ஊரில் பூட்டிக் கிடந்தது. தை பிறந்ததும் வளைகாப்பு, அதோடு ஒச்சாயி வேலையை விட்டுவிட்டுப் போய் வீட்டைத் திறந்து மகளைக் கூட்டிவந்து வைத்துக்கொள்ள வேண்டும். போனால் திரும்ப மாட்டாள். பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டு அங்கேயே இருந்துவிடுவாள். இது கம்பெனியில் எல்லாருக்கும் தெரியும்.

அன்றைக்கே மறுபடி இறங்கினார்கள். தண்ணீருக்குள் மார்பளவு ஆழத்தில் இருந்த படியில் ஒச்சாயி நின்றுகொண்டாள். அனுசுயா பின்னால் சாய்ந்தாள். ஒச்சாயியின் கை அவள் முதுகுக்குக் கீழே வந்து நின்றது.

அந்த நேரம் அனுசுயாவுக்கு என்ன ஆயிற்று என்பதை நாசூக்காகச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. குணா போனபிறகு அவளை யாரும் தொட்டதில்லை. பஸ் நெரிசலில் இடிப்பதும், ஊசி போடுகிற நர்ஸ் கையைப் பிடிப்பதும் கணக்கில் வராது. மகன் வந்தால் வாசலில் நின்றே "என்னம்மா, நல்லாருக்கியா?" என்பான், வளர்ந்த பையன் வேறென்ன செய்வான்? தன் உடம்பு தொடப்படாமலே கிடக்கிறது என்பதுகூட அவளுக்கு மறந்துபோயிருந்தது. இப்போது ஒரு கை, விரலெல்லாம் ஊசி குத்தித் தடித்த கை, கூலியில்லாமல், எதையும் கேட்காமல் அவளைத் தாங்கிக்கொண்டிருந்தது. காதுக்குள் தண்ணீர் நிறைந்து உலகம் அடங்கியது. கண் நிறைந்ததையும் கிணற்றுத் தண்ணீர் மறைத்துவிட்டது.

"ஒடம்ப லேசா விடுக்கா. கட்டையாட்டம் வெறைக்காத."

"உடறனுங்க."

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைக்காகவே மற்ற நாட்கள் நடந்தன. செக்கிங் டேபிளில் நிற்கும்போது முதுகில் அந்த இடம் மட்டும் தனியாகத் தெரியும். காலையில் ஊத்துக்குளி பஸ்ஸில் ஜன்னலோரம், கிணறு, மருதாள் தருகிற மோர், வெண்ணெய் போட்ட ராகிக்களி, திரும்பி வரும்போது ஈரத்தலையோடு ஒருத்திமேல் ஒருத்தி சாய்ந்து தூக்கம். இப்படி ஒரு சாகசம் இத்தனை வருஷமாக பஸ் போகிற தூரத்தில் கிடந்திருக்கிறதே என்று இருவருக்கும் ஆற்றாமையாக இருந்தது.

மார்கழி பிறந்த சமயம் ஒரு நாள், அந்தக் கை தன் முதுகில் இல்லை என்பது அனுசுயாவுக்குத் தெரிந்தது. ஒச்சாயி சத்தமில்லாமல் எடுத்திருந்தாள். தண்ணீர் அவளை அப்படியே வைத்திருந்தது. வானத்தில் ஒரு பருந்து சுற்றியது. இத்தனை நாள் கேட்டது கிடைத்துவிட்டது. சந்தோஷத்தில் கத்த வேண்டியவள், கையைத் தேடினாள். கை வரவில்லை. மிதந்துவிட்டால் பாடம் முடிந்தது, சத்தியம் நிறைவேறியது, ஒச்சாயி பஸ் ஏறலாம். அனுசுயா மூச்சை வெளியே விட்டு இடுப்பை மடக்கினாள். முங்கினாள். அடுத்த நொடி கை வந்தது.

"ஆத்தி! மெதந்தியேக்கா இப்ப!"

"இல்லீங்க. பயந்துட்டனுங்க. இன்னும் வரமாட்டீங்குது."

ஏமாற்று வேலைதான். சின்னப் பிள்ளைகூடச் செய்யாத வேலை. அடுத்த ஞாயிறும் செய்தாள், அதற்கடுத்த ஞாயிறும் செய்தாள். எப்போது மூச்சை விட வேண்டும், எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும் என்பதெல்லாம் கைவந்துவிட்டது. மருதாள் மேலிருந்து, "ஏனுங்க அம்மணி, எங்கூட்டு எருமைக்கன்னுக்கூட இத்தன நாள் எடுக்கலீங்களே" என்று அலுத்துக்கொண்டாள். ஒச்சாயி மட்டும் அலுத்துக்கொள்ளவே இல்லை. பொறுமையாகக் கையைக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

தை பிறந்தது. ஒச்சாயி லீவு போட்டு வளைகாப்புக்குப் போனாள், மகளைக் கூட்டி வைத்துக்கொள்ளாமல் தனியாகத் திரும்பி வந்தாள். எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். வளைகாப்பு முடிந்த பெண்ணை மாமியார் வீட்டிலேயே விட்டுவிட்டு வருகிற தாய் எங்கே உண்டு? "கையில் இருக்கிற ஆர்டர் முடியட்டும்" என்றாள் ஒச்சாயி. அனுசுயா தன் டேபிளில் நின்றபடி அடுத்த பீஸை விரித்தாள். உள்ளுக்குள் சந்தோஷப்பட்டாள். வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டாள்.

அந்தச் சந்தோஷம் ஒரு மத்தியானம் வரைக்கும்தான் நின்றது. சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தமிழ்மதி போன் செய்தாள். கையில் சாம்பார் என்பதால் ஒச்சாயி ஸ்பீக்கரில் போட்டாள்.

"ம்மா, எப்பம்மா வருவ? அத்தை நித்தம் சாடை பேசுது. பெத்தவளுக்கே வேணாத பிள்ளைய நாங்க வச்சு அழுகணுமான்னு கேக்குது. ராத்திரி இடுப்பு வலிச்சுச்சும்மா. யாருகிட்டச் சொல்றதுன்னு தெரியாம முழிச்சுக் கெடந்தேன்."

"வந்துருவேன் தாயி. இங்கன ஒரு சோலி பாக்கி கெடக்கு. முடிச்சுட்டு வெரசா வந்துருறேன்."

போனை வைத்துவிட்டு ஒச்சாயி சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாக்கி கிடக்கிற சோலி தானேதான் என்று அனுசுயாவுக்கு உறைத்தது. வயிற்றுப் பிள்ளையோடு ஒரு பெண் அங்கே தன்னந்தனியாக முழித்துக் கிடக்கிறாள், அவள் தாயின் கையை இங்கே அனுசுயா பிடித்து வைத்திருக்கிறாள். பாதிச் சோற்றோடு டிபன் பாக்ஸை மூடிவிட்டாள்.

அந்த ஞாயிறும் இருவரும் பஸ் ஏறினார்கள். கிணற்றில் தண்ணீர் சில படிகள் இறங்கியிருந்தது. ஒச்சாயி வழக்கம்போல மார்பளவுப் படியில் நின்று கையை நீட்டினாள். அனுசுயா அந்தக் கையை ஒருதரம் பிடித்து அழுத்திவிட்டு விட்டாள். படியைக் காலால் தள்ளி மல்லாந்தாள். மூச்சை உள்ளே இழுத்து வைத்துக்கொண்டு, கையால் மெல்லத் துழாவித் துழாவி, கிணற்றின் நடுவுக்குப் போனாள். கீழே எத்தனை ஆள் ஆழமோ தெரியாது. பிடிமானம் ஒன்றும் இல்லை. கண்ணை மூடினாள்.

மிதந்தாள். நன்றாகவே மிதந்தாள். அட்டையில் இருந்த அம்மாள் பார்த்திருந்தால் தன்னைவிட மேல் என்றுதான் சொல்லியிருப்பாள். முதுகுக்குக் கீழே தண்ணீர் சில்லென்று இருந்தது, கை இருந்த இடம் மட்டும் காலியாக இருந்தது. இதற்குத்தானா ஆசைப்பட்டோம் என்று நினைத்தாள். ஆசைப்பட்டது இதற்குத்தான். இடையில் வேறொன்று வந்து ஒட்டிக்கொண்டது, அது போகப்போகிறது. அழுகையை அடக்கினால் மூச்சு முட்டி முங்கிவிடுவோம் என்பதால் அடக்காமல் விட்டாள்.

கண்ணைத் திறந்தபோது ஒச்சாயி பக்கத்தில் நீந்திக்கொண்டிருந்தாள்.

"மெதந்துட்டனுங்க," என்றாள் அனுசுயா. "இனி நீ போலாம். பிள்ளை காத்துட்டு இருக்குது. நாளைக்கே போ."

"நீ மார்கழியிலயே மெதந்துட்டக்கா."

அனுசுயா கையால் துழாவுவதை நிறுத்தினாள்.

"முங்குறவ பயந்து மூச்ச இழுத்துப் பிடிப்பா. நீ மூச்ச விட்டுட்டுல்ல முங்குன. ஆடு தூக்குனவ நான், எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுட்டேவா கையக் குடுத்துட்டு இருந்தே?"

"நீ மெதந்துட்டேன்னு ஒத்துக்கிட்டா நான் பஸ் ஏறணும்ல. எனக்கு மட்டும் யாருக்கா இருக்கா?" ஒச்சாயி முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்தாள். "பெத்த மகள அங்க தவிக்க விட்டுட்டு இங்க கெணத்துல நின்னேன். எங்கய்யன் கருப்பு என்னயச் சும்மா விடமாட்டான். பொழுது சாஞ்சா பஸ்ஸு. துணிமணியெல்லாம் கட்டி வச்சுட்டேன்."

அவள் முடிவு செய்துவிட்டுத்தான் வந்திருந்தாள். இன்று அனுசுயா மிதக்காமல் முங்கியிருந்தாலும் போயிருப்பாள். அது அனுசுயாவுக்கு ஆறுதலாகவும் இருந்தது, வலியாகவும் இருந்தது. இருவரும் படிக்குத் திரும்பினார்கள். ஏறிப் போய்விடுவாள் என்று அனுசுயா நினைத்தாள். ஒச்சாயி ஏறவில்லை. தண்ணீரைக் கையால் அளைந்துகொண்டே நின்றாள்.

"யக்கா."

"சொல்லு கண்ணு."

"ஒருக்கா என்னயத் தாங்கேன்."

அனுசுயா அவளைப் பார்த்தாள். ஆடு விழுந்தால் குதிக்கிறவள், மல்லாந்து படுத்துத் தூங்குகிறவள், மீனுக்கு நீச்சல் சொல்லிக்கொடுப்பவள். அவளைத் தண்ணீரில் யார் எப்போது தாங்கியிருக்கிறார்கள்? அனுசுயா படியில் காலை ஊன்றி நின்று கையை நீட்டினாள். ஒச்சாயி பின்னால் சாய்ந்தாள்.

மெஷினில் குனிந்து குனிந்து இறுகிப்போன முதுகு. உள்ளங்கை பட்டதும் அது முதலில் விறைத்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. தானாக மிதக்கத் தெரிந்த அந்த உடம்பு, வேண்டுமென்றே மிதப்பதை நிறுத்தி, முழுப் பாரத்தையும் அந்தக் கையில் இறக்கி வைத்தது. அனுசுயா இன்னொரு கையையும் கொடுத்தாள். ஒச்சாயி கண்ணை மூடிக்கொண்டாள்.

மேலே மருதாள் எழுந்து நின்று எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க அம்மணி, அந்தப் புள்ளைக்குத்தான் நல்லா நீந்தத் தெரியுமுங்களே. என்னத்துக்குப் புடிச்சுட்டு நிக்கறீங்க? களி ஆறுது, பஸ்ஸுக்கும் நேரமாகுது. கைய எடுங்க."

"எடுக்கறனுங்க்கா," என்றாள் அனுசுயா.

எடுக்கவில்லை.